கணக்கேட்டில் எழுதப்படாத செலவு

ஒரு சோடிச் சப்பாத்து கடைக்கு வருகிறது. அதன் விலைக்குள் எவை எவை அடங்கியுள்ளன? தோல், இறப்பர், துணி, நூல், தொழிலாளர் சம்பளம், மின்சாரம், கப்பற் கூலி, விளம்பரம், வரி, கடைக்காரரின் இலாபம். இவை ஒவ்வொன்றுக்கும் யாரோ பற்றுச்சீட்டு எழுதியிருக்கிறார். யாரோ பணம் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தத் தோலைத் தந்த மாடு மேய்ந்த தரை, காட்டை வெட்டி எடுத்த தரையாயின், அந்தக் காட்டின் விலை எங்கே? பருத்திக்கு இறைத்த தண்ணீரால் அயற் கிராமத்துக் கிணறு வற்றியிருந்தால், அந்தக் கிணற்றின் விலை எங்கே? அவற்றுக்கு எவரும் பற்றுச்சீட்டு எழுதவில்லை. ஆகவே கம்பனியின் கணக்கேட்டிலும் அவை இல்லை.

கணக்கு என்றதும் அது கணக்காளர்களுக்கு உரிய விடயம் என்று எம்மிற் பலர் ஒதுங்கி விடுகிறோம். ஆனால் பெரிய கம்பனி ஒன்று எங்கே தொழிற்சாலை கட்டுவது, எந்த மூலப்பொருளை வாங்குவது, கழிவை எங்கே விடுவது என்று தீர்மானிக்கும்போது, பணிப்பாளர் சபையின் மேசைக்கு முதலில் வருவது கணக்கறிக்கைதான். அந்தத் தாளில் இல்லாத செலவு, தீர்மானம் எடுப்போரின் கண்ணிலும் இல்லாத செலவு. நிலத்தையும் நீரையும் நம்பி வாழும் எமக்கு, அந்தத் தாளில் எது எழுதப்படுகிறது, எது விடப்படுகிறது என்பது அந்நிய விடயமன்று.

கண்ணுக்குத் தப்பும் செலவுகள் மூன்று வகைப்படும். முதலாவது, கம்பனியே கொடுத்தும் எதற்காகக் கொடுக்கிறோம் என்று அறியாத செலவு. இரண்டாவது, கம்பனிக்காகப் பிறர் சுமக்கும் செலவு. மூன்றாவது, இன்று செய்யும் வேலைக்காக நாளைய மக்கள் கொடுக்க வேண்டிய செலவு. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொடுத்தும் அறியாத செலவு

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், யோர்க்டவுன் என்னும் இடத்தில், அமொக்கோ கம்பனிக்கு ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. சூழலைப் பாதுகாப்பதற்காக எவ்வளவு செலவாகிறது என்று அங்குள்ள முகாமையாளர்களிடம் கேட்டபோது, நடைமுறைச் செலவில் நூற்றுக்கு 3 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். உலக வள நிறுவகம் என்னும் ஆய்வு நிறுவனம் 1995 இல் வெளியிட்ட நூலில் அந்தக் கணக்கு விரித்துக் காட்டப்பட்டது. மசகு எண்ணெயின் விலையை நீக்கிப் பார்த்தால், சூழல் சார்ந்த செலவு நூற்றுக்கு ஏறக்குறைய 22 ஆக இருந்தது.

இவ்வளவு பெரிய தொகை எப்படி மறைந்திருந்தது? எவரும் அதைத் திருடவில்லை, ஒளிக்கவும் இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு ஒரு பிரிவிலும், இயந்திரப் பராமரிப்பு இன்னொரு பிரிவிலும், அனுமதிப் பத்திரங்களுக்கும் பரிசோதனைகளுக்கும் ஆன செலவு வேறொரு பிரிவிலுமாகச் சிதறிக் கிடந்தது. பெரும்பகுதி "பொதுச் செலவு" என்ற ஒரே தலைப்பின் கீழ் போடப்பட்டிருந்தது. ஒரு கமக்காரர் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நெல்லுக்கும் வாங்கிய மண்ணெண்ணெய் முழுவதையும் ஒரே வரியில் எழுதி வைத்தால், எந்தப் பயிர் தண்ணீருக்காக அவருடைய பணத்தை விழுங்குகிறது என்று எப்படித் தெரியும்? மூன்று பயிரும் ஒரே மாதிரி இலாபம் தருவதாகவே தோன்றும். அடுத்த போகத்திலும் அதையே பயிரிடுவார்.

இந்தக் குறையைத் தீர்க்க, ஜேர்மனியில் உருவாகி யப்பானில் வளர்ந்த ஒரு கணக்கு முறை உண்டு. பொருள் ஓட்டச் செலவுக் கணக்கு என்று அதைச் சொல்லலாம். அதன் அடிப்படை மிக எளிது. தொழிற்சாலைக்குள் 100 கிலோ மூலப்பொருள் போகிறது. 70 கிலோ விற்பனைப் பொருளாக வெளியே வருகிறது. 30 கிலோ கழிவாகிறது என்று வைத்துக் கொள்வோம். வழமையான கணக்கில் 100 கிலோவின் விலையும் அந்த 70 கிலோவின் மேலேயே ஏற்றப்படும். கழிவுக்கென்று எழுதப்படுவது அதை அள்ளிக் கொட்டும் கூலி மட்டுமே. புதிய முறையோ கழிவையும் ஒரு விளைபொருளாகவே பார்க்கிறது. அந்த 30 கிலோவை வாங்கிய விலை, அதைச் சூடாக்கிய மின்சாரம், அதற்கு உழைத்த தொழிலாளியின் சம்பளம் எல்லாவற்றையும் கழிவின் பெயரிலேயே எழுதுகிறது.

யப்பானில் ஒட்டுநாடா முதலியவற்றைச் செய்யும் நிற்ரோ டெங்கோ கம்பனி 2000 ஆம் ஆண்டில் இம்முறையைப் பரீட்சித்தது. பரீட்சித்த உற்பத்திப் பிரிவின் செலவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, கழிவாகிப் போன பொருளுக்கே செலவாகியிருப்பது தெரியவந்தது. அதன்பின் உற்பத்தி முறையைத் திருத்துவதற்குப் பணம் போட முகாமைத்துவம் முன்வந்தது. அதற்கு முன்னரும் அதே கழிவுதான், அதே தொழிற்சாலைதான். மாறியது எழுதும் முறை மட்டுமே. 2011 இல் இம்முறைக்கு ஐ.எஸ்.ஓ. 14051 என்னும் சர்வதேச நியமமும் வந்தது.

பிறர் சுமக்கும் செலவு

முதலாவது வகைச் செலவைக் குறைப்பது கம்பனிக்கே இலாபம். அதனால் நல்ல கணக்கு ஒன்றே போதும். நல்ல மனம் கட்டாயமில்லை. இரண்டாவது வகை அப்படியன்று. அந்தச் செலவைக் கம்பனி கொடுப்பதே இல்லை. அதைக் கணக்கில் எழுதத் துணிந்த முன்னோடிகளுள் ஒன்று, ஜேர்மனியின் பூமா என்னும் விளையாட்டுப் பொருட் கம்பனி.

அக்காலத்தில் பூமாவின் தலைமைப் பொறுப்பில் இருந்த யொகன் சைட்ஸ் ஒரு கேள்வியை எழுப்பினார். இயற்கையும் ஒரு வியாபாரியாக இருந்து, தான் தந்த நீருக்கும் நிலத்துக்கும் காற்றுக்கும் எமக்குப் பட்டியல் அனுப்பினால், அந்தப் பட்டியலின் மொத்தம் எவ்வளவு? இதைக் கணிக்க இரண்டு ஆலோசனை நிறுவனங்கள் அமர்த்தப்பட்டன. 2010 ஆம் ஆண்டின் தொழில் நடவடிக்கைகளுக்கான "சூழல் இலாப நட்டக் கணக்கு" 2011 இல் வெளியாகியது.

மொத்தம் 145 மில்லியன் யூரோ, அதாவது 14 கோடி 50 இலட்சம் யூரோ. வளிமண்டலத்தை வெப்பமாக்கும் வாயுக்களுக்கு 47 மில்லியன். நீருக்கு 47 மில்லியன். நிலப் பயன்பாட்டுக்கு 37 மில்லியன். காற்று மாசடைவதற்கு 11 மில்லியன். கழிவுக்கு 3 மில்லியன். அந்த ஆண்டில் பூமா ஈட்டிய நிகர இலாபம் ஏறக்குறைய 202 மில்லியன் யூரோ. இயற்கையின் பட்டியலைக் கொடுத்துத் தீர்ப்பதாயின் இலாபத்தின் பெரும்பகுதி போய்விடும் என்பது தெளிவு.

எமக்கு இதனிலும் முக்கியமான செய்தி ஒன்று அந்தக் கணக்கில் உண்டு. இந்த 145 மில்லியன் எங்கே உண்டானது என்றும் பிரித்துக் காட்டப்பட்டது. பூமாவின் சொந்த அலுவலகங்கள், கடைகள், களஞ்சியங்களில் உண்டானது 8 மில்லியன் மட்டுமே. சப்பாத்தையும் உடுப்பையும் தைத்து முடிக்கும் தொழிற்சாலைகளில் 13 மில்லியன். அவற்றுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் இடங்களில் 14 மில்லியன். தோல் பதனிடுதல், துணிக்குச் சாயமிடுதல் போன்ற வேலைகள் நடக்கும் இடங்களில் 27 மில்லியன். மிகுதி 83 மில்லியனும் மூலப்பொருள் விளையும் இடத்தில், அதாவது பருத்தி வயலிலும் மாட்டுப் பட்டியிலும் இறப்பர்த் தோட்டத்திலும் உண்டானது. இது மொத்தத்தில் நூற்றுக்கு 57.

தன்னுடைய வாயிற்கதவுக்கு உள்ளே மட்டும் பார்த்திருந்தால், பூமா நூற்றுக்கு 6 பங்கையே கண்டிருக்கும். அலுவலகத்து மின்குமிழை மாற்றிவிட்டு, சூழலைப் பாதுகாக்கிறோம் என்று விளம்பரம் செய்திருக்கலாம். பெரும் சுமை தொலைவில், கம்பனியின் பெயரையே கேள்விப்பட்டிராத கமக்காரரின் நிலத்தில் இருப்பதைக் கணக்கே காட்டிக் கொடுத்தது.

இயற்கைக்கு எப்படி விலை போட்டார்கள்? கரியமில வாயுவுக்குத் தொன் ஒன்றுக்கு 66 யூரோ. நீருக்குச் சராசரியாகக் கன மீற்றர் ஒன்றுக்கு 0.81 யூரோ, நிலத்துக்குச் சராசரியாக ஹெக்டேயர் ஒன்றுக்கு 347 யூரோ. நீருக்கு எங்கும் ஒரே விலை போடவில்லை. தண்ணீர் தாராளமாக உள்ள இடத்தில் இறைத்தால் குறைந்த விலை. வரண்ட பிரதேசத்தில் இறைத்தால் கூடிய விலை. ஆடி மாதத்தில் கிணற்றடியில் வாளியோடு காத்து நின்றவர்களுக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

தீர்மானங்கள் மாறினவா?

ஓரளவு மாறின. 2012 இல் பூமா இரண்டு சோடிச் சப்பாத்துகளை ஒப்பிட்டது. வழமையான தோற் சப்பாத்து ஒரு சோடியின் சூழற் செலவு 4.29 யூரோ. மண்ணில் உக்கக்கூடிய பொருட்களாற் செய்த புதிய சோடியின் சூழற் செலவு 2.95 யூரோ. வழமையான பருத்தி ரீ-சேட்டுக்கு 3.42 யூரோ, புதிய வகைக்கு 2.36 யூரோ. இரண்டிலும் நூற்றுக்கு 31 வரை குறைவு. எதை மாற்றினால் எவ்வளவு நன்மை என்று இலக்கத்தில் காட்ட முடிந்ததால், புதிய வகைகள் 2013 இல் சந்தைக்கு வந்தன.

ஆனால் போதிய விற்பனை இல்லாதபடியால் சில ஆண்டுகளுக்குள் அவை நிறுத்தப்பட்டன. ஏன்? சூழல் இலாப நட்டக் கணக்கு ஒரு புறமும், உண்மையான இலாப நட்டக் கணக்கு இன்னொரு புறமுமாக இரண்டு ஏடுகள் இருந்தன. பங்குதாரருக்கு இலாபப் பங்கு கொடுப்பது இரண்டாவது ஏட்டைப் பார்த்தே. இரண்டும் முரண்பட்டபோது எது வென்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 145 மில்லியன் யூரோ எவருடைய கைக்கும் போகவில்லை. எந்தப் பருத்திக் கமக்காரருக்கும் அதில் ஒரு சதமேனும் கிடைக்கவில்லை. அது தெரிந்துகொள்வதற்காக எழுதிய கணக்கு. கொடுப்பதற்காக எழுதிய கணக்கன்று.

எனினும் விதை வீணாகவில்லை. அப்போது பூமாவின் பெரும்பங்கை வைத்திருந்த பிரான்ஸ் நாட்டின் கேரிங் கம்பனி, இந்தக் கணக்கைத் தன் குழுமம் முழுவதற்கும் விரித்தது. அங்கும் சுமையின் பெரும்பகுதி மூலப்பொருள் விளையும் இடத்திலேயே இருப்பது தெரிந்தது. 2021 இல் கேரிங், கொன்சவேஷன் இன்ரநஷனல் என்னும் அமைப்போடு சேர்ந்து ஒரு நிதியத்தை ஆரம்பித்தது. தோல், பருத்தி, ஆட்டுரோமம் போன்றவற்றைத் தரும் கமக்காரரும் மந்தை வளர்ப்போரும் மண்ணை மீட்டெடுக்கும் முறைகளுக்கு மாற உதவுவது அதன் நோக்கம். ஐந்து ஆண்டுகளில் 10 இலட்சம் ஹெக்டேயர் என்பது இலக்கு. கேரிங் ஆரம்பத்தில் ஒதுக்கியது 50 இலட்சம் யூரோ. இதை நாமே பிரித்துப் பார்க்கலாம்: ஹெக்டேயர் ஒன்றுக்கு 5 யூரோ. பின்னர் பிறரும் பணம் சேர்த்தனர் என்பது உண்மை. ஆயினும் நிலத்துக்கு ஹெக்டேயருக்கு 347 யூரோ என்று போட்ட கணக்கையும், கொடுக்க முன்வந்த 5 யூரோவையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால், அறிவதற்கும் கொடுப்பதற்கும் இடையிலுள்ள தூரம் விளங்கும்.

நாளைய செலவு

மூன்றாவது வகைக்கு வருவோம். ஒரு கம்பனி சுரங்கம் தோண்டுகிறது. முப்பது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடங்கை மூடி, மண்ணைத் திருத்தி, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும். முன்னைய காலங்களில் இந்தச் செலவை எழுதாமலே விட்ட கம்பனிகள் பல. இலாபத்தை எடுத்துக்கொண்டு கம்பனி கலைந்துவிடும். கிடங்கு ஊரவருக்கு மிஞ்சும். 1998 இல் வெளியான சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 37, இத்தகைய கடப்பாடு உண்டான உடனேயே அதற்கான ஏற்பாட்டைக் கணக்கில் எழுத வேண்டும் என்று வகுத்தது. இது பெரிய முன்னேற்றம். மூடும் செலவைத் தொடக்கத்திலேயே எழுதினால், சில சுரங்கங்கள் தோண்டுவதற்கே தகுதியற்றவை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஆனால் அந்தத் தாளிலும் ஒரு நுட்பம் உண்டு. தொலைவிலுள்ள செலவை இன்றைய பெறுமதிக்குக் குறைத்தே எழுதுவார்கள். இன்று வங்கியிற் போடும் பணம் வட்டியோடு வளரும் என்பது அதற்கான நியாயம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கொடுக்க வேண்டிய 100 ரூபா, ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீத வட்டியில் இன்று ஏறக்குறைய 8 ரூபா 72 சதமாகச் சுருங்கிவிடும். 10 வீதம் என்று போட்டால் 85 சதமாகிவிடும். வட்டி வீதம் என்ற ஓர் இலக்கத்தை மாற்றினாற் போதும். பேரப்பிள்ளைகளின் மேல் விழும் பெரும் பாரம் இன்றைய தாளில் கடுகாகத் தெரியும். பனை நட்டவர் பனங்காய் தின்பதில்லை என்று தெரிந்தும் எமது முன்னோர் வடலி வளர்த்தார்கள். இந்த வட்டிக் கணக்கைப் பார்த்திருந்தால் ஒரு விதையைக்கூட மண்ணில் ஊன்றியிருக்க மாட்டார்கள்.

இரண்டு கேள்விகள்

இப்போது உலகெங்கும் கம்பனிகளின் சூழல் அறிக்கைகளுக்கு விதிகள் வகுக்கப்படுகின்றன. அவற்றை வாசிக்கும்போது, எந்தக் கேள்விக்கு விடையாக அந்த அறிக்கை எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். கேள்விகள் இரண்டு உண்டு. "சூழல் மாற்றத்தால் கம்பனிக்கு என்ன நட்டம் வரும்?" என்பது ஒன்று. "கம்பனியால் மண்ணுக்கும் மக்களுக்கும் என்ன நட்டம் வரும்?" என்பது மற்றது.

2023 ஜூன் மாதத்தில் சர்வதேச நிலைபேற்று நியமங்கள் சபை வெளியிட்ட எஸ் 1, எஸ் 2 என்னும் இரு நியமங்களும் பெரும்பாலும் முதலாவது கேள்விக்கு உரியவை. முதலீட்டாளர் அறிய வேண்டியதைச் சொல்பவை. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் இவற்றை ஏற்றுக்கொண்டு, பங்குச் சந்தையிலுள்ள பெரிய கம்பனிகளில் தொடங்கி, 2025 ஜனவரி முதல் கட்டங் கட்டமாக நடைமுறைப்படுத்துகிறது. 1997 இல் தொடங்கிய உலக அறிக்கையிடல் முன்முயற்சியின் நியமங்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்பவை. முதலாவது கேள்வியில் மட்டும் நின்றால், ஊர்க் கிணறு வற்றுவது அறிக்கையில் இடம்பெறாமற் போகலாம். அந்தக் கிணறு வற்றியதால் கம்பனிக்கு வழக்கோ நட்டமோ வருமென்றால் மட்டும் இடம்பெறும்.

அதே வேளையில், எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்றும் எண்ணக்கூடாது. இடம்பெயர்ந்த பின் இழப்பீட்டுப் படிவம் நிரப்பியவர்களுக்கு இது தெரியும். வீட்டுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று கட்டங்கள் இருக்கும். பாட்டன் வெட்டிய கிணற்றின் நல்ல தண்ணீருக்கும், நாற்பது ஆண்டுகள் குப்பையும் எருவும் போட்டுப் பதப்படுத்திய மண்ணுக்கும் அங்கே கட்டம் இராது. கட்டம் இருந்தாலும், எழுதும் தொகை அதற்கு ஈடாகாது. நட்டத்துக்கு இலக்கம் போடுவது அது கண்ணிற் படுவதற்காக. பணத்தைக் கட்டிவிட்டு அழிக்கலாம் என்ற அனுமதிச் சீட்டாக அந்த இலக்கம் மாறிவிடக்கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

ஒப்பந்தப் பயிர்ச்செய்கைக்கோ, நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதற்கோ, மண் அல்லது கல் அகழ்வதற்கோ ஒரு கம்பனி எமது பகுதிக்கு வரும்போது, "எவ்வளவு தருவீர்கள்?" என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடுவது வழக்கம். அதனோடு பின்வருவனவற்றையும் சங்கமாகக் கூடிக் கேட்கலாம்:

1. ஒரு போகத்துக்கு எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள்? அளவுமானி பொருத்தப்படுமா? வரட்சிக் காலத்தில் எவ்வளவு குறைப்பீர்கள்?

2. கழிவு எங்கே போகும்? அதை அகற்றும் செலவு யாருடைய கணக்கில் எழுதப்பட்டுள்ளது?

3. நீங்கள் போகும்போது நிலம் எந்த நிலையில் ஒப்படைக்கப்படும்? அதற்கான பணம் இப்போதே ஒதுக்கப்பட்டுள்ளதா? யாருடைய பெயரில் இருக்கிறது?

4. உங்கள் ஆண்டறிக்கையில் எமது கிராமத்தைப் பற்றி என்ன எழுதுகிறீர்கள்? அதை எங்களுக்குத் தமிழில் தருவீர்களா?

இக்கேள்விகளுக்கு வலுச் சேர்க்க எம்மிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். ஒரு பாடசாலைக் கொப்பி போதும். கிணற்று நீரின் மட்டத்தை மாதம் ஒரு முறை கயிற்றால் அளந்து திகதியோடு எழுதலாம். பயிர் வாரியாக இறைப்புச் செலவைப் பிரித்து எழுதலாம். கூலி கொடுக்காத குடும்ப உழைப்பை, சிறப்பாகப் பெண்கள் களை பிடுங்கிய நாட்களை, நாட்கூலிக் கணக்கில் எழுதலாம். அந்த உழைப்பை எழுதிப் பார்த்தால், இலாபம் என்று எண்ணிய சில பயிர்கள் நட்டமாகத் தெரியும். எமது வீட்டுக் கணக்கிலும் எழுதப்படாத செலவு உண்டு; அதை எமது வீட்டிலேயே ஒருவர் சுமக்கிறார்.

நாளை ஒருநாள் கிணறு ஏன் வற்றியது என்ற கேள்வி எழும்போது, கம்பனி தன் ஏட்டோடு வரும். திகதியிட்ட எமது கொப்பியும் அப்போது மேசையில் இருக்க வேண்டும்.